கேபினுக்குள் ஒரு கண்



நான் 31 வருஷம் லாரி ஓட்டியவன். கோவில்பட்டியில் தீப்பெட்டி லோடு ஏற்றி நாக்பூர், டெல்லி என்று ஓடியவன். இன்று என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு துண்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன்.

என் அக்கா மகன் பார்சல் கன்டெய்னர் ஓட்டுகிறான். ஓசூரில் ஏற்றி நாகர்கோவிலில் இறக்க வேண்டும். வழியில்தான் எங்கள் ஊர் கடம்பூர், ஆனால் நாற்கரச் சாலையை விட்டு அங்கே வண்டியைத் திருப்ப முடியாது. பாதை மாறினால் ஜிபிஎஸ் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் போன மாதம் ஒரு ராத்திரி, அக்கா கட்டிக்கொடுத்த சோற்றையும் நாலு போளியையும் எடுத்துக்கொண்டு, சாலைப்புதூர் டோல்கேட் பக்கம் போய்க் காத்திருந்தேன். மணி இரண்டு இருக்கும், வண்டி வந்து நின்றது. வேர்வையில் நனைந்த சட்டையை மாற்றலாம் என்று கேபினுக்குள் ஏறினான். கண்ணாடிக்கு மேலே, அவன் முகத்துக்கு நேராக, ஒரு கேமரா. தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டான்.

நாலு நிமிஷம் ஆகவில்லை, போன் அடித்தது. எங்கோ ஒரு நகரத்தில் திரை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் குரல். "கேமரா மறைஞ்சிருக்கு. என்ன பண்றீங்க?"

"சட்டை மாத்துறேன் சார்."

"துண்டை எடுங்க. ரிப்போர்ட் போயிரும்."

எடுத்துவிட்டான். கீழே இறங்கி, டயரோரம் இருட்டில் நின்று சட்டையை மாற்றிக்கொண்டான். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது சொன்னான்: "என் மூஞ்சிய எங்கம்மாகூட இவ்வளவு நேரம் பார்த்ததில்ல மாமா."

அந்தக் கம்பெனி எது என்று சொல்லப்போவதில்லை. ஒரு கம்பெனியைத் திட்டிவிட்டுப் போவதற்கு நான் மேடை ஏறவில்லை.

தோழர்களே, கேபின் என்றால் என்ன? கடைக்காரருக்குக் கடை வேறு, வீடு வேறு. ஆபீஸ் வேலை பார்ப்பவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். டிரைவருக்கு அந்த ஆறடி இடம்தான் இரண்டும். அங்கேதான் சாமி படம், பிள்ளை படம், சீட்டுக்குப் பின்னால் படுக்கை. பொண்டாட்டியிடம் போனில் சண்டை போடுவதும், அப்பன் செத்த சேதி கேட்டு அழுவதும் அங்கேதான். நானும் அங்கே அழுதிருக்கிறேன். பார்க்க ஆள் இல்லாததால் அழ முடிந்தது.

முதலாளிமார்கள் பக்கத்து நியாயத்தை மறைக்க மாட்டேன். டீசல் திருட்டு உண்டு. லோடில் கை வைப்பவன் உண்டு. குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பவன் உண்டு. அவனுக்காகப் பேச நான் வரவில்லை. சாலையைப் பார்க்கிற கேமராவை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன். பைக்காரன் குறுக்கே பாய்ந்தாலும், மாடு விழுந்தடித்து ஓடி வந்தாலும், தப்பு பெரிய வண்டி மேல்தான் என்று கூட்டம் டிரைவரை அடிக்கும். அப்போது அவனுக்குச் சாட்சி சொல்ல ஒரு கண் வேண்டாமா? 2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள்; 17,884 பேர் மாண்டார்கள். இந்தக் கணக்கைப் படித்த எவரும் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

என் கேள்வி முகத்தைப் பார்க்கிற கேமராவைப் பற்றியது. அது என்ன செய்கிறது? கண் சொருகினால் மணி அடிக்கிறது. கொட்டாவி விட்டால் குறித்துக்கொள்கிறது. நல்லது. அந்தக் கொட்டாவி எங்கிருந்து வந்தது? "விடியறதுக்குள்ள நாகர்கோவில் போயிரணும்" என்று சொன்ன வாயைப் படம் பிடிக்க எந்தக் கேமரா இருக்கிறது? ஒரே டிரைவரை வைத்து இரண்டு ஆள் ஓட்டம் ஓட்டுகிற கணக்கைப் படம் பிடிக்க எந்தக் கேமரா இருக்கிறது?

சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2020-இல் லாரி ஓட்டுநர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. சராசரியாக ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓட்டுகிறார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் களைப்பிலும் தூக்கக் கலக்கத்திலும் ஓட்டுவதாக ஒத்துக்கொண்டார்கள். சட்டம் என்ன சொல்கிறது? 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. நெடுந்தூர ஓட்டத்துக்குச் சில விலக்கு கொடுத்தது. அதற்கும் ஒரு வரம்பு வைத்தது. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரைமணி ஓய்வு என்றது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த எட்டு மணி நேரம் அப்படியே இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேல் ஏட்டில் தூங்குகிறது சட்டம். விழித்தே இருக்கிறான் டிரைவர்.

இது நம் சாலையில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை. 2021-இல் அமெரிக்காவில் அமேசான் பொருள்களைக் கொண்டுபோகும் வேன்களில் நேத்ராடைன் என்ற நிறுவனத்தின் கேமராவைப் பொருத்தினார்கள். ஒரு பெட்டியில் நான்கு கண். அதில் ஒன்று டிரைவரைப் பார்க்கும். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் வேலை இல்லை என்றார்கள். பக்கக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்ததற்கும், வேறு வண்டி குறுக்கே வந்ததற்கும் தங்கள் கணக்கில் குற்றம் ஏறியது என்று டிரைவர்கள் புலம்பினார்கள். அந்த நிறுவனத்துக்குப் பெங்களூரிலும் அலுவலகம் இருக்கிறது. நம் நாட்டில் சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் போன்ற ஊர்களில் தூய்மைப் பணியாளர் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். கண்காணிப்பு எப்போதும் கீழ்நோக்கித்தான் பார்க்கிறது.

நமக்கு உரிமை இல்லையா? இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். லாரி டிரைவருக்கு அது பொருந்தாது என்று ஒரு வரியும் அதில் இல்லை. பிறகு 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் ஏழாவது பிரிவு, வேலை சம்பந்தப்பட்ட காரணத்துக்காகவும், முதலாளியை நட்டத்திலிருந்து காப்பதற்காகவும், தொழிலாளியிடம் தனியாகச் சம்மதம் கேட்காமலே அவன் தரவைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. முன்வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட கதை இது. அந்தக் கொல்லைப்புறத்தில் காவலுக்கு நாம்தான் நிற்க வேண்டும்.

நிற்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இந்த மண்ணிலிருந்தே பதில் சொல்கிறேன். 1908-இல், பக்கத்து ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க, தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில் கேட்டார்கள், வாங்கினார்கள். 2021-இல் நம் சட்டமன்றம், நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கடைப் பிள்ளைகளுக்கு உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்று சட்டம் செய்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம் வந்த மாநிலத்தில், சட்டை மாற்றுவதற்கு ஒரு மறைப்பு வராதா?

ஆகவே ஒரு தீர்மானத்தை இந்த அவை முன் வைக்கிறேன். நான்கே கோரிக்கை.

முதலாவது: எஞ்சின் அணைந்தால் உள்ளே பார்க்கும் கேமராவும் அணைய வேண்டும். வண்டி நின்றபிறகு கேபின் டிரைவருடைய வீடு.

இரண்டாவது: குரலைப் பதியக் கூடாது. அவன் வீட்டுப் பேச்சுக்கும் டீசல் கணக்குக்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது: படத்தைக் காட்டாமல், அவன் பக்கத்தைக் கேட்காமல், பேட்டாவில் ஒரு ரூபாய் பிடிக்கக் கூடாது.

நான்காவது, இதுதான் முக்கியம்: அந்தக் கருவி எழுதுகிற நேரக் கணக்கின் நகல் டிரைவர் கைக்கும் வர வேண்டும். எத்தனை மணிக்கு வண்டி எடுத்தான், எத்தனை மணி நேரம் ஓட்டினான், எங்கே ஓய்வெடுத்தான், எல்லாம் அதில் இருக்கிறது. எட்டு மணி நேரம் தாண்டி ஓட்ட வைத்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இத்தனை காலம் நம்மிடம் ஆதாரம் இல்லை என்றார்கள். இப்போது அவர்களே காசு போட்டு ஆதாரம் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அது இரண்டு பக்கமும் பேசட்டும்.

முன்வரிசையில் இருக்கும் உரிமையாளர்களே, நீங்களும் இந்தக் கரிசலில் பிறந்தவர்கள்தான். வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருஷம் நிலத்தை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்த குடும்பங்கள் நமக்குள் எத்தனை! உங்களில் பலர் கிளீனராக ஏறி, டிரைவராகி, ஓனர் ஆனவர்கள். அன்று உங்கள் முகத்துக்கு நேரே அந்தக் கண் இருந்திருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். கொட்டாவியைப் படம் பிடிக்கிறவர், தூங்க நேரமும் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

இந்த நேரத்தில் என் மருமகன் எங்கோ திண்டுக்கல் பக்கம் வந்துகொண்டிருப்பான். இன்று ராத்திரியும் டோல்கேட் ஓரம் நிற்பான். இருட்டில் சட்டை மாற்றுவான். அவனிடம் போய், கடம்பூரில் இத்தனை பேர் உனக்காகக் கை தூக்கினார்கள் என்று நான் சொல்ல வேண்டும்.

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள்.