குழந்தையிடமும் நாணயம் வேண்டும்



2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி நமது கல்பாக்கம் கரையைச் சுனாமி தாக்கிற்று. அத்தகைய ஆபத்துக்குப் பின் சிறு குழந்தை தாயின் முந்தானையை விட அஞ்சுவது இயல்பே. அதற்கு அன்னம் மட்டும் போதாது. தினமும் பழகிய முகமும், பழகிய மடியும் வேண்டும். தாயுடனோ, தாயின் ஸ்தானத்தில் நிலையாயிருப்பவருடனோ இடைவிடாத அன்புத் தொடர்பு குழந்தையின் மனநலத்திற்கு இன்றியமையாததென்று, 1951-இல் உலக சுகாதார ஸ்தாபனத்திற்காக ஜான் பௌல்பி என்னும் வைத்தியர் எழுதினார்.

ஆகையால், குழந்தையை அங்கன்வாடியில் விடும்போது கண்மறைவாய் நழுவாதீர்கள். “திரும்பி வருவேன்” என்று சொல்லி, சொன்ன வேளையில் வாருங்கள். அது அழுதால் அதட்டாமல் அணைத்துக்கொள்ளும்படி அங்குள்ள அம்மாளிடம் கூறுங்கள். தவணை தவறினால் சங்கத்தின் நாணயம் குன்றும். சொல் தவறினால் குழந்தையின் நம்பிக்கை குன்றும். இதை யாவரும் மனத்திற் கொள்ளும்படி வேண்டுகிறேன்.