வீங்கிய கையும் நீவும் கையும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அகத்தவம் ஆறு எனச் சமண நூல்கள் வகுக்கின்றன. கழுவாய், பணிவு, வையாவிருத்தியம், நூலோதல், பற்றறுத்தல், தியானம் என்பன அவை. இவற்றுள் மூன்றாவதாகிய வையாவிருத்தியம், துறவோர்க்கும் நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் செய்யும் பணிவிடை. வெறுங்காலோடு நெடுவழி நடந்து வந்த முனிவரின் காலைப் பிடித்துவிடுதலை இல்லறத்தார் பெரும்பேறாகக் கருதுவர். தவம் என்றவுடன் உண்ணாநோன்பையே நினைப்பவர் பலர். பிறர் உடல்நலம் கருதிக் கையால் செய்யும் தொண்டையும் தவத்துள் சேர்த்து, அதனையும் புறத்தவமென்னாது அகத்தவமென்றே தத்துவார்த்த சூத்திரம் வைத்திருப்பது எண்ணத்தக்கது.

அத்தகைய கைத்தொண்டின் ஒரு வகை, இன்று புற்றுநோய் மருத்துவத்திற்குத் துணைமருத்துவமாக வழங்குகிறது. நிணநீர் நீவுதல் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். அதன் பயனும் அளவும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியவை.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். இல்லத்தலைவிக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை முடிந்தது, கதிர்வீச்சும் முடிந்தது. நோய் நீங்கியது என்று மருத்துவர் கூற, வீட்டில் மகிழ்ச்சி. ஓராண்டு கழித்து ஒருநாள் வளையல் ஏறவில்லை. பின்னர் ரவிக்கையின் ஒரு கை மட்டும் இறுகுகிறது. அந்தக் கையை மட்டும் தளர்த்தித் தைக்குமாறு தையற்காரரிடம் சொல்கிறார். மாலையானால் கை கனக்கிறது. ஜினாலயத்தில் அபிடேகக் குடம் எடுக்க மற்றவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, முந்தானையால் கையை மூடிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். உயிர் பிழைத்ததே பெரிது, இதனையும் சொல்லி யாரைத் தொல்லைப்படுத்துவது என்னும் எண்ணம் அவர் வாயைக் கட்டிவிடுகிறது. வீட்டாரும் கேட்பதில்லை.

இவ்வாறு மூடிவைக்கப்படும் வீக்கமே முற்றுகிறது. தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும். காலம் செல்லச் செல்ல நார்த்திசு வளர்ந்து, கொழுப்பும் சேர்ந்து, கை இறுகிவிடும். குழி விழும் நிலையில் வருவோர்க்குச் செய்யத்தக்கது மிகுதி. இறுகியபின் வருவோர்க்குக் குறைவு. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களைத் தொகுதியாக அகற்றிய பெண்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு இவ்வீக்கம் தோன்றுகிறது. ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கும் இன்றைய முறையால் இது பெரிதும் குறைந்துள்ளது, அற்றுப் போகவில்லை.

குருதியைச் செலுத்த இதயம் உண்டு. நிணநீர்க்கு அத்தகைய தனிப்பொறி இல்லை. திசுக்களில் கசிந்து தங்கும் நீரையும் புரதத்தையும் திரட்டி, நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் அளவில் மீண்டும் குருதியில் சேர்ப்பது நிணநீர் நாளங்களின் பணி. அவை தோலுக்குச் சற்றே அடியில் நுண்ணிழைகளாய்த் தொடங்குகின்றன. கூரையின் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதுபோல அவற்றின் சுவர்ச் செல்கள் படிந்திருக்கும். மெல்லிய நார்கள் அச்செல்களைச் சுற்றியுள்ள திசுவோடு பிணைத்திருக்கும். தோல் மெல்ல இழுபடும்போது நார்களும் இழுபட, ஓடுகளின் இடைவெளி திறந்து நீர் உள்ளே புகும். அதன்பின் நாளங்களின் சுருக்கமும் தசையசைவும் மூச்சும் அந்நீரை முன்னே தள்ளும். கணுக்கள் அதனை வடிகட்டும். முடிவில், கழுத்தின் அடியில் காறை எலும்பின் பின்னேயுள்ள பெருஞ்சிரையில் அது கலக்கும். அக்குளில் கணுக்களை எடுத்தாலோ, கதிர்வீச்சால் அவை கெட்டாலோ, கையிலிருந்து செல்லும் வழி குறுகிவிடுகிறது.

இங்கே 'மெல்ல' என்பது நயத்திற்காகச் சொன்ன சொல்லன்று. அழுத்திப் பிசைந்தால் அந்த நுண்ணிழைகள் நசுங்கும். அவ்விடத்தில் குருதியோட்டம் மிகுந்து இன்னும் நீர் கசியும். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்னும் புறமருத்துவம் உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என அது ஒன்பது வகைப்படும். தசைப்பிடிப்பிற்கும் உடல்வலிக்கும் அதனைச் செய்வர். அதே வலிமையை நிணநீர் வீக்கம் கண்ட கையில் காட்டுதல் தீங்கு. அழுத்தித் தேய்த்தால்தான் நீர் இறங்கும் என்று எண்ணெய்க் கிண்ணத்தோடு வரும் பாட்டியின் அன்பு உண்மையானது. ஆனால் இந்நோய்க்கு அது உதவாது.

இவ்வறிவு வந்த வழியையும் சொல்லவேண்டும். 1622ஆம் ஆண்டில் இத்தாலியரான காஸ்பரே அசெல்லி, உணவூட்டிய நாயொன்றை உயிரோடு அறுத்து, குடலைத் தாங்கும் சவ்வில் வெண்ணிற நாளங்களைக் கண்டார். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட அவையில் இதனை மறைத்துச் செல்வது நேர்மையாகாது. மருத்துவ அறிவில் ஒரு பகுதி வாயில்லா உயிர்களின் துன்பத்தில் விளைந்தது. அந்நாளங்களுக்கு இன்று வழங்கும் இலத்தீன் பெயரை 1653இல் இட்டவர் டென்மார்க்கின் தாமஸ் பார்த்தோலின். வீக்கத்திற்கு நீவுதலும் அழுத்தக் கட்டும் தூய்மையும் சேர்ந்த மருத்துவத்தை 1892இலேயே ஆஸ்திரிய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் வான் வினிவார்ட்டர் எழுதினார். பின்னர் அது பெரும்பாலும் மறக்கப்பட்டது.

மறந்ததை வேறு வழியில் கண்டவர், டென்மார்க்கினரான எமில் வோடர். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். 1930களில் தம் மனைவி எஸ்ட்ரிட்டோடு பிரான்சு நாட்டுக் கடற்கரை நகராகிய கானில் உடற்பயிற்சி மருத்துவம் செய்து வந்தார். இங்கிலாந்தின் ஈரக் குளிரால் ஓயாத சளியோடு அங்கு வந்தோர் பலர்க்குக் கழுத்துக் கணுக்கள் புடைத்திருந்தன. அக்கணுக்களைத் தொடுதலாகாது என்பது அக்கால மருத்துவர் கொள்கை. வோடரோ மெல்லச் சுழலும் விரலசைவுகளால் அவற்றைத் தொட்டார். 1936இல் பாரிசில் தம் முறையை வெளியிட்டார். அதனைப் பல நோய்க்கும் பயனுடையதாக அவர் கருதினார். அவர் கருதிய அனைத்தும் மெய்ப்பிக்கப்படவில்லை. அம்முறையை நிணநீர் வீக்கத்திற்கு உரிய மருத்துவமாக ஒழுங்குபடுத்தியவர்களுள் தலையாயவர், ஹங்கேரியில் பிறந்து ஜெர்மனியில் பணியாற்றிய மிகைல் ஃபோல்டி என்னும் மருத்துவர். நீவுதல், பல அடுக்குக் கட்டு, உடற்பயிற்சி, தோல் பேணுதல் ஆகிய நான்கையும் ஒன்றாக இணைத்தது அவரது பணி.

செய்முறை உழவர் குடும்பத்தார்க்கு எளிதில் விளங்கும். வாய்க்கால் தூர்ந்து நீர் தேங்கினால், அறிந்தவர் தேங்கிய இடத்தில் மண்வெட்டியைப் போடமாட்டார். நீர் வடிந்து செல்லவேண்டிய கீழ்முனையிலிருந்து தூர்வாரிக்கொண்டு மேலே வருவார். இம்மருத்துவமும் அவ்வாறே. வீங்கிய கையில் தொடங்குவதில்லை. முதலில் கழுத்தின் அடிப்பகுதி. பின்னர் நலமாயுள்ள மறுபக்கத்து அக்குளும் மார்பும். அதன்பின் நோயுற்ற பக்கத்து உடல், தோள், மேற்கை. கடைசியில்தான் முன்கையும் விரல்களும். கை தோலின்மேல் வழுக்கிச் செல்லாது, தோலையே பற்றி மெல்ல நகர்த்தி விடுவிக்கும். ஆகவே பெரும்பாலும் எண்ணெய் இடுவதில்லை. ஓரிடத்தில் ஐந்து முதல் ஏழு முறை, அவசரம் கூடாது. முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். தொடக்கத்தில் சில வாரங்கள் நாள்தோறும் செய்து, உடனே கட்டும் கட்டுவர். வீக்கம் வற்றியபின் அளவெடுத்துச் செய்த அழுத்த உறையைப் பகலெல்லாம் அணிய வேண்டும்.

மார்பையும் அக்குளையும் தொடவேண்டியிருப்பதால் தாய்மார் பலர் தயங்குவது இயல்பே. பெண் இயன்முறை மருத்துவர் வேண்டும் எனக் கேட்பதில் தவறில்லை. கேட்கக் கூசி மருத்துவத்தையே விடுவதுதான் தவறு.

இதனால் வரும் பயன் எவ்வளவு? இங்கே மிகை கூடாது. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வரும் வீக்கத்தில் இம்முறையின் பயன் பற்றி 6 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் மதிப்பீடு 2015இல் வெளிவந்தது. வீக்கத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு கட்டினுடையது என்றும், நீவுதல் அதனோடு சேரும்போது சிறிது கூடுதல் பயன் கிட்டலாம் என்றும், தீங்கு இல்லை என்றும், வீக்கம் முற்றாதவர்க்கே அப்பயன் மிகுதி என்றும் அது காட்டியது. கட்டின்றி நீவுதல் மட்டும் செய்துகொண்டால் வடிந்த நீர் மீண்டும் தேங்கும். எனினும் அளவுநாடா காட்டாத ஒன்றும் உண்டு. நோயுற்ற நாள்முதல் ஊசியும் கத்தியும் கதிருமே தீண்டிய உடலை, வலியின்றி ஒரு கை ஒரு மணி நேரம் தொடுகிறது. அந்த ஆறுதல் கட்டினால் வருவதன்று.

துணைமருத்துவம் என்னும் சொல்லில் 'துணை' என்பதே முதன்மையானது. அறுவைக்கு அஞ்சி, மார்பிலுள்ள கட்டியை நீவிக் கரைத்துவிடலாம் என்று எவரேனும் சொன்னால், அவரை நம்பியிருக்கும் ஒவ்வொரு மாதமும் உயிருக்கு உலை. மருத்துவர் ஆராயாத கட்டியின்மேல் கைவைத்தலும் ஆகாது. கை திடீரெனச் சிவந்து சூடேறிக் காய்ச்சலும் குளிரும் கண்டால், அது தோலடி நுண்ணுயிர்த் தொற்று. அன்று நீவுதலை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கால் வீக்கம் சிரையில் குருதி உறைந்ததனால் வந்திருக்கலாம்; இதயமோ சிறுநீரகமோ தளர்ந்ததனால் வந்திருக்கலாம். தளர்ந்த இதயத்தை நோக்கி மேலும் நீரைத் தள்ளுவது இடர். எனவே வீக்கம் எதனால் வந்தது என்று மருத்துவர் கூறிய பின்னரே கை தொடவேண்டும்.

நோன்பு நோற்போர் அறியவேண்டியது ஒன்றுண்டு. நீர் பருகுவதைக் குறைத்தால் வீக்கம் வற்றும் என்று எண்ணுவது பிழை. சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளும் இவ்வீக்கத்தைத் தீர்ப்பதில்லை. இரவு உண்ணாமையைக் கடைப்பிடிப்போர் பகற்பொழுதிலேயே வேண்டுமளவு நீர் பருகிவிட வேண்டும். கையால் ஒன்றையும் தூக்கலாகாது என்னும் பழைய அறிவுரையும் இன்று மாறிவிட்டது. கைவீக்கமுள்ள 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. அதன்படி, மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடை கூட்டிப் பயின்றவர்க்கு வீக்கம் கூடவில்லை, தொல்லைகள் குறைந்தன. முறையாகப் பயின்றால் அபிடேகக் குடத்திலிருந்து அந்தத் தாய் விலகி நிற்கவேண்டியதில்லை.

யானைக்கால் நோயும் நிணநீர் வீக்கமே. கொசு வழியாகப் புகும் புழுக்கள் நிணநீர் நாளங்களில் தங்கி அவற்றைக் கெடுப்பதால் அது வருகிறது. மாத்திரைகள் புழுவைக் கட்டுப்படுத்தும். வீங்கிய காலை அவை பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. கேரளத்தின் காசர்கோட்டில் பயன்முறைத் தோல் மருத்துவ நிறுவனம், இந்நோய்க்குச் சோப்பிட்டுக் கழுவுதல், மூலிகை நீரில் ஊறவைத்தல், யோகப் பயிற்சி, நீவுதல், அழுத்தக் கட்டு ஆகியவற்றை ஆங்கில மருத்துவத்தோடு சேர்த்துச் செய்து வருகிறது. இவற்றுள் மிக எளியது காலைக் கழுவி விரலிடுக்குகளை ஈரமறத் துடைப்பது. அதுவே தொற்றையும் காய்ச்சலையும் பெரிதும் தடுக்கிறது. பணச்செலவு இதில் மிகக் குறைவு. குனிந்து தம் காலைத் தாமே கழுவ இயலாத முதியவர்க்கு மகனோ மகளோ நாள்தோறும் கால்மணி நேரம் உட்காரவேண்டும், அவ்வளவே.

வீட்டார் செய்யத்தக்கது இன்னொன்று. மாதத்தில் ஒருநாள், ஒரே வேளையில், முழங்கைக்கு மேலும் கீழும் ஒரே தொலைவில் குறியிட்டு, இரண்டு கைகளின் சுற்றளவையும் தையல் நாடாவால் அளந்து நாட்காட்டியில் எழுதி வைக்கலாம். முன்னிருந்ததைவிட இரு கைகளுக்கும் இடையே 2 சென்டிமீட்டர் வேறுபாடு தோன்றினால் மருத்துவரிடம் செல்லவேண்டும். வீட்டில் பயில்வதற்கு உரிய எளிய நீவுதலை இயன்முறை மருத்துவர் கற்றுத்தருவார்; உடன் செல்லும் மருமகளோ கணவரோ அதனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். நாடாவை எடுத்துக்கொண்டு ஒருவர் அருகில் வந்து அமரும் நாளில், முந்தானைக்குள் இருக்கும் கையை அவர் தாமே வெளியே நீட்டுவார்.