கூடிப் படிக்கக் கூடம் எதற்கு?

நடுவர் அவர்களே! சற்று முன்னாலே இடி இடித்து, மின்னல் வெட்டி, மழையும் பெய்துவிட்டு, இப்போது ஒன்றும் தெரியாதவர் போலத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கின்ற எதிரணித் தலைவர் அவர்களே! அரங்கத்திலும், வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கின்ற அன்புச் சகோதர சகோதரிகளே!

"வகுப்புக்கு வெளியே மாணவர்கள் கூடிப் படிக்க இணையம் துணையா, இடையூறா?" இதுதானே தலைப்பு? துணையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "செல்போனைக் கையிலே கொடுத்தா பையன் படிப்பானா? படம் பார்ப்பான்"னு சொன்னார். நீங்களும் கை தட்டினீங்க. ஐயா, அந்தக் காலத்துலே 'கம்பைண்ட் ஸ்டடி'ன்னு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? நாலு பசங்க ஒரு மொட்டை மாடியிலே கூடுவாங்க. எட்டு மணிக்கு அந்த வீட்டம்மா காபி கொடுப்பாங்க. ஒன்பது மணிக்கு பஜ்ஜி. பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறப்பாங்க. பத்தே காலுக்கு நாலு பேரும் குறட்டை! அங்கே ஏதுங்க செல்போன்? கெடணும்னு நினைக்கிறவனுக்கு மொட்டை மாடியே போதும். (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நான் தமிழ் வாத்தியார். அதனாலே நன்னூலுக்குப் போகிறேன். பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலே ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குப் புலமையிலே கால் பங்குதான் வருமாம். உடன் படிக்கிறவர்களோடு பழகிப் பேசுவதிலே இன்னொரு கால் பங்கு. அடுத்தவர்க்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கும் நிறையுமாம். ஆக, நான் தொண்டை கிழியக் கத்தினாலும் என் பங்கு நாலணாதான். பாக்கிப் பன்னிரண்டணா மாணவர்கள் தங்களுக்குள்ளே கூடுகிற இடத்திலே இருக்கிறது. அந்த இடம் எங்கே? அதுதான் இன்றைக்குக் கேள்வி.

குழுவாகச் சேர்ந்து செய்யச் சொன்னா என்ன நடக்கும்னு நமக்குத் தெரியும். நாலு பேர் குழுவிலே ஒருத்தன் எழுதுவான், ஒருத்தன் அட்டை போடுவான், ஒருத்தன் ஜெராக்ஸ் எடுப்பான், நாலாவது ஆள் பேர் மட்டும் கொடுப்பான். மார்க் நாலு பேருக்கும் சமம்!

மாக்ஸிமிலியான் ரிங்கல்மான்னு பிரான்சிலே ஒரு வேளாண் பொறியாளர். மனிதர்களைக் கயிறு இழுக்க விட்டுப் பார்த்து, 1913-இலே அதைப் பற்றி எழுதினார். தனியாக இழுக்கும்போது முழுப் பலத்தோடு இழுக்கிறவன், எட்டுப் பேரோடு சேர்ந்து இழுக்கும்போது ஏறக்குறையப் பாதிப் பலத்தோடுதான் இழுத்தானாம். இதைக் கண்டுபிடிக்கப் பிரான்சுக்கா போகணும்? நம்ம ஊர்த் தேரோட்டத்துக்கு வந்திருந்தா போதுமே! முன்வரிசையிலே இருக்கிறவன் நரம்பு புடைக்க இழுக்கிறான். பின்னாலே ஒருத்தர் வடத்தைத் தொட்டுக் கண்ணிலே ஒத்திக்கிறார். தேர் நிலைக்கு வந்ததும் "இழுத்தோம்"னு சொல்றார். (கைதட்டல்)

சாமி காரியத்திலே அது செல்லும். படிப்பிலே செல்லாது. யார் இழுத்தான், யார் தொட்டான்னு கண்டுபிடிக்க வழி வேண்டாமா? அந்த வழி இணையத்திலே இருக்கிறது. கூகுள் டாக்ஸ்னு ஒரு வசதி. நாலு பேரும் அவரவர் வீட்டிலிருந்தே ஒரே கட்டுரையை எழுதலாம், திருத்தலாம். ஒருவர் எழுதியதன் பக்கத்திலே இன்னொருவர் ஐயம் கேட்கலாம். எந்த வரியை யார் சேர்த்தார், யார் மாற்றினார், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் ஆளுக்கொரு நிறத்திலே அதிலே பதிவாகி நிற்கும். சித்திரகுப்தன் கணக்கு மாதிரி!

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் மாணவர்களிடம் "உழவுத் தொழிற் சொற்களைத் தொகுத்து வாருங்கள்" என்று வேலை கொடுத்தேன். ஒரு குழுவிலே மூன்று பேர் நகரத்துப் பிள்ளைகள். நாலாவது ஒரு கிராமத்துப் பெண். கல்லூரி முடிந்து 5.20-க்கு ஒரு பஸ். அதை விட்டால் அடுத்தது 7.30-க்கு. பஸ் நிறுத்தத்திலே அப்பா காத்திருப்பார். மற்ற மூன்று பேரும் கூடுகிற நேரமோ சாயங்காலம் ஆறு மணி, கல்லூரிக்கு எதிரே இருக்கிற டீக்கடை. அந்தப் பொண்ணு எப்படி வரும்? முந்தின பருவத்திலே அது பேர் அட்டையிலே கடைசியாக இருந்தது. உள்ளே ஒரு வரி இல்லை. சோம்பேறி என்று பட்டமும் கிடைத்தது.

இந்த முறை கூகுள் டாக்ஸிலே எழுதச் சொன்னேன். அதனிடம் சொந்தமாகப் போன் கிடையாது. அண்ணன் வேலை முடிந்து எட்டரைக்கு வீட்டுக்கு வருவார். அவர் போன் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்திலே, பாட்டியைப் பக்கத்திலே உட்கார வைத்துக்கொண்டு எழுதியது. நாற்றங்கால், பரம்பு, தாளடி, பொலி என்று சொல் சொல்லாக வந்து விழுகிறது. நகரத்துப் பையன் ஒருத்தன் ஓரத்திலே கேட்டிருக்கிறான்: "பதரும் கருக்காயும் ஒண்ணுதானே?" அந்தப் பொண்ணு பாட்டியைக் கேட்டுப் பதில் எழுதுது: "பதரிலே அரிசியே இருக்காது. கருக்காயிலே இருக்கும், ஆனால் முற்றியிருக்காது." அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் அன்றைக்குப் பாடம் நடத்தியது யார்? பள்ளிக்கூடமே போகாத அந்தப் பாட்டி! பவணந்தியார் சொன்ன அரைப் பங்கு அந்தப் பொண்ணுக்குக் கிடைத்தது.

கட்டுரை வந்ததும் பதிவைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேலே அந்தப் பொண்ணோட நிறம். குழுத் தலைவனே எழுந்து, "ஐயா, இவங்க பேரை முதல்லே போடணும்"னு சொன்னான். ஒரு வருஷமாகச் சோம்பேறி என்று பேரெடுத்த பிள்ளை, சோம்பேறி இல்லை. அதற்குப் பஸ் இல்லை. அவ்வளவுதான் நடுவர் அவர்களே! (கைதட்டல்)

எதிரணியிலே இருக்கிற அம்மா ஒரு நல்ல கேள்வி கேட்டாங்க. "போனே இல்லாத பிள்ளை, சிக்னலே இல்லாத ஊர், அதுக்கு என்ன சொல்றீங்க?"ன்னு. நியாயமான கேள்வி. 2020-இலே ஊரடங்கு வந்தபோது சிக்னல் தேடிப் பிள்ளைகள் மொட்டை மாடியிலே உட்கார்ந்ததை நாம பார்த்தோமே. ஆனால் அம்மா, அது எல்லாரும் ஒரே நேரத்திலே முகம் காட்ட வேண்டிய நேரலை வகுப்பு. எழுத்து அப்படி இல்லை. எனக்கு எட்டரை, உங்களுக்குக் காலை அஞ்சு, அவரவர் தோது. முன்கூட்டியே அதற்குரிய வசதியைப் போனிலே செய்து வைத்தால், சிக்னல் இல்லாதபோதும் எழுதலாம். சிக்னல் வந்ததும் சேர்ந்துகொள்ளும். போனே இல்லாத பிள்ளைக்கு என்ன செய்வது? கல்லூரிக் கணினி அறையை மாலை மூன்றரைக்குப் பூட்டாதீர்கள்! மதிய உணவு நேரத்திலும் திறந்து வையுங்கள். அது நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை. பூட்டு போட்டவரை விட்டுவிட்டு இணையத்தைத் திட்டலாமா?

உ.வே.சாமிநாதையரைப் பாருங்கள். கும்பகோணம் கல்லூரியிலே ஆசிரியர். வகுப்பு முடிந்த நேரத்திலே சீவக சிந்தாமணிச் சுவடிகளைத் தேடித் தொகுத்தார். ஏட்டோடு ஏடு ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தார். விளங்காத இடங்களைச் சமணப் பெரியவர்களிடம் போய்க் கேட்டார். 1887-இலே நூல் வந்தது. அந்தப் பெரியவர் கையிலே இந்த வசதி இருந்திருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்?

நடுவர் மணியைப் பார்க்கிறார், அடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன். கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும். குழுவுக்கு நாலு பேர் போதும். ஆளுக்கொரு பகுதி. அடுத்தவர் பகுதியிலே ஒரு கேள்வியாவது கேட்டாக வேண்டும். வாரம் ஒரு முறை ஆசிரியர் எட்டிப் பார்க்க வேண்டும். எழுதியது தானா, வேறு யாராவது தட்டிக் கொடுத்ததா என்று தெரிய, கடைசியிலே ஐந்து நிமிடம் நேரிலே பேச வைக்க வேண்டும். பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. "எப்பப் பாத்தாலும் போனு"ன்னு கத்தாதீங்க. "இன்னைக்கு நீ எழுதினது எது? காட்டு, பார்க்கிறேன்"னு கேளுங்க. உண்மையா எழுதின பிள்ளை ஓடி வந்து காட்டும். படம் பார்த்த பிள்ளை நெளியும். அதுவே போதும், உங்களுக்கு விவரம் தெரிஞ்சுபோகும்.

கடைசிப் பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைக்கும், சாயங்காலம் கடையிலே வேலை பார்த்துப் படிக்கிற பிள்ளைக்கும், கூட்டத்திலே வாய் திறக்கக் கூச்சப்படுகிற பிள்ளைக்கும் இடம் கொடுக்கிற கூடம் அது. ஆகவே, கூடிப் படிக்க இணையம் துணையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.