கோடு போட்டு வைத்த நிலம்

1931ஆம் ஆண்டு மே மாதம், சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்றைக்குப் பல்லாவரத்துக்குத் தெற்கே பெரும்பாலும் வயலும் ஏரியும்தான். ரயிலை நம்பித்தான் மனை வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். முதலில் ரயில், பிறகு ஊர்.

அந்த வரிசை எங்கேயோ மாறிப்போனது. மேடவாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், கோவிலம்பாக்கம் பக்கமெல்லாம் முதலில் மனை போட்டார்கள். வீடு எழும்பிச் சில ஆண்டு கழித்துச் சாலை. அதற்கும் பிறகு பேருந்து. ரயில் இன்னும் வரவில்லை. சென்னையின் தென் புறநகரில் இருக்கிற நாம் தினமும் காலையில் படுகிற அவதி இந்த வரிசைக் குழப்பத்திலிருந்து வந்ததுதான். அகலமான சாலை போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எது எங்கே வரப்போகிறது என்று இருபது, முப்பது ஆண்டுக்கு முன்பே கோடு போட்டு, அந்த நிலத்தைக் காப்பாற்றி வைப்பதுதான் போக்குவரத்துத் திட்டமிடலில் பாதி வேலை.

இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் வரை போகிற வெளிவட்டச் சாலை 62 கிலோமீட்டர். அதற்கு 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் குறித்தார்கள். அதில் 22 மீட்டர் பிற்காலத்தில் ரயில் பாதை வந்தால் வேண்டும் என்று விட்டுவைத்தது. முதல் பகுதி 2014இல் திறந்தது, இரண்டாம் பகுதி 2021இல். கட்டத் தாமதம் ஆனது உண்மை. ஆனால் நிலம் கையில் இருந்தது.

இன்னொன்று பறக்கும் ரயில், அதாவது தூண்கள் மேல் ஓடுகிற நகர ரயில். 2007இல் வேளச்சேரி வந்து சேர்ந்தது. அங்கிருந்து பரங்கிமலை ஐந்து கிலோமீட்டர். 2008இல் வேலை தொடங்கினார்கள். ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டருக்கு நிலம் எடுப்பதில் சிக்கல், வழக்கு. இருபுறமும் தூண் எழும்பி நிற்க, நடுவில் மட்டும் வெறுமையாக இருந்தது. 2024 முடிந்தபோதும் அதில் ரயில் ஓடவில்லை. நிலம் பறிபோகிறதே என்று அங்கே குடியிருந்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனதைக் குறை சொல்ல முடியாது. வீடு வருவதற்கு முன்பே கோடு போட்டிருந்தால் அவர்கள் அங்கே வீடு கட்டியிருக்கவே மாட்டார்கள்.

நிலம் இருந்தும் ஒருங்கிணைப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, வண்டலூருக்கு அடுத்த கிளாம்பாக்கத்துக்கு வருவோம். 88 ஏக்கரில், ஏறக்குறைய 400 கோடி ரூபாய் செலவில், கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறக்கப்பட்டது. நல்ல முனையம், விசாலமானது. முனையத்தின் முன்னால் போகிற ஜிஎஸ்டி சாலைக்கு எதிர்ப்புறம் செங்கல்பட்டு மின்சார ரயில் போகிறது. ஆனால் முனையம் திறந்த நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை. அப்போது திருநெல்வேலியிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கு வந்து இறங்கிய குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் குழந்தை, இரண்டு பை, ஒரு அரிசி மூட்டை. ரயில் போகிற சத்தம் காதில் விழுந்தது. ஏற வேண்டுமென்றால் மாநகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடித்து வண்டலூருக்கோ தாம்பரத்துக்கோ போக வேண்டியிருந்தது.

யார் தவறு என்று ஒருவரைக் கை காட்ட முடியாது, அதுதான் சங்கடம். முனையம் சிஎம்டிஏ என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கட்டியது. ரயில் தெற்கு ரயில்வேயுடையது. ஜிஎஸ்டி சாலை தேசிய நெடுஞ்சாலை. நகரப் பேருந்து எம்டிசி என்கிற மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. மெட்ரோவுக்குத் தனி நிறுவனம். ஒவ்வொருவரிடமும் ஒரு வரைபடம் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. அதற்காகவே கும்டா என்கிற ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010இல் சட்டம் போட்டார்கள். அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பன்னிரண்டு ஆண்டு! அந்தப் பன்னிரண்டு ஆண்டில் நம் பக்கம் எத்தனை ஆயிரம் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன.

இப்போது விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டத் திட்டம் இருக்கிறது. 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 13 நிலையங்கள். தாம்பரம்–செங்கல்பட்டு மூன்றாவது ரயில் பாதை 2022இல் முடிந்தது, நான்காவதுக்கு 2025இல் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. எல்லாம் வரட்டும், எல்லாம் வேண்டும். ஆனால் கவனியுங்கள்: ஜிஎஸ்டி சாலை, மின்சார ரயில், வரப்போகிற மெட்ரோ, மூன்றுமே வடக்கு தெற்காக ஒரே தடத்தில் போகின்றன. மீனுக்கு நடுமுள் இருக்கிறது, பக்கமுள் இல்லை என்கிற கதை.

கிழக்கு மேற்காகப் போக நமக்கு என்ன இருக்கிறது? காலை ஒன்பது மணிக்குக் கிழக்குத் தாம்பரம் பக்கம் கேம்ப் ரோடு சந்திப்பில் நின்றால் தெரியும். பள்ளி வேன், தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ, எம்டிசி பேருந்து, நூற்றுக்கணக்கில் பைக், எல்லாம் ஒரே தாம்பரம்–வேளச்சேரி சாலையில். ஒரு பக்கம் விமானப்படைத் தளம், ஒரு பக்கம் நன்மங்கலம் காடு, இடையில் ஏரிகள். மாற்றுவழிக்கு இடம் குறைவு. தாம்பரத்துக்குக் கிழக்குப் புறவழிச்சாலை வேண்டும் என்பது மிகப் பழைய பேச்சு. குரோம்பேட்டை ராதா நகர் ரயில்வே கேட்டில் ஒரு சுரங்கப்பாதை வருவதற்கே பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. மேற்குத் தாம்பரத்திலிருந்து கிழக்குத் தாம்பரத்துக்கு ஒரு வயதானவர் நடந்து போக வேண்டுமானால் நடைமேம்பாலம் ஏற வேண்டியிருக்கிறது. அந்த நடைமேம்பாலத்தையும் பெருநகரத் திட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் நான் பார்க்கிறேன். தாம்பரம் 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சி ஆகிவிட்டது. அந்தப் பத்து ஊரையும் குறுக்காக இணைக்கிற பேருந்துத் தடம் வேண்டாமா?

சாலை போகக் கூடாத இடத்தையும் வரைபடம் சொல்ல வேண்டும். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் போக வேண்டும். 2022இல் அந்தச் சதுப்பு நிலம் ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். நீர் போகிற வழியில் மண்ணைக் கொட்டிச் சாலையை உயர்த்தினால், அந்தச் சாலை மழைக்காலத்தில் கரையாகிவிடும்.

சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022இல் அரசாணை வந்தது. 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகி வருகிறது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி தாண்டி உள்ளே போனால் இன்னும் காலி நிலம் இருக்கிறது. மேடவாக்கத்தில் தவறவிட்டதை அங்கே தவறவிடாமல் இருக்க இப்போதுதான் நேரம்.

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானதும் பொதுமக்கள் ஆட்சேபமும் ஆலோசனையும் சொல்லச் சட்டத்தில் இடம் உண்டு. உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள். உங்கள் பக்கத்து ரயில் நிலையத்துக்கு நடைபாதையோடு ஒரு சாலை குறித்திருக்கிறதா, கிழக்கு மேற்கு இணைப்புக்கு நிலம் ஒதுக்கியிருக்கிறதா, ஏரிக் கால்வாய் கால்வாயாகவே இருக்கிறதா, வெளிவட்டச் சாலையின் 22 மீட்டர் இன்னும் ரயிலுக்குத்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் கெடு முடிவதற்குள் எழுதிக் கொடுங்கள்.