பழுதான பொருளுக்கு மாற்றுப் பணி

(தில்லி ரயில்வே காலனியில் நடைபெற்ற சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இந்த மேடையில் வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் கற்றறிந்த சான்றோர் பலர் பேச, நாம் அனைவரும் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, பகலெல்லாம் கோப்புகளோடு காலம் தள்ளும் ரயில்வே எழுத்தராகிய எங்களை அதே மேடையில் ஏற்றிவிட்டது செயலாளர் அவர்களின் துணிச்சல் என்றே சொல்லவேண்டும். இலக்கியம் பேச எங்களுக்குத் தகுதியில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்கட்டுப் பக்கம் வந்தவர்கள், திருப்புளியும் குறடும் சால்டரிங் அயர்னுமாக நாங்கள் உட்கார்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆகவே, வீட்டில் பழுதாகிக் கிடக்கும் மின்சாதனங்களை என்ன செய்வது என்பதைப் பற்றியே சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

முதலில் ஒரு குடும்பச் செய்தியைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். எங்கள் தந்தையார் எஞ்சின் ஓட்டுநராக இருந்தவர். ஒருமுறை மருத்துவப் பரிசோதனையில் அவருடைய கண்பார்வை ஓட்டுநருக்குரிய 'ஏ-ஒன்' வகைக்குப் போதாது என்று எழுதிவிட்டார்கள். அவ்வாறு வகை இழந்த ஊழியரை ரயில்வே வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. அவரால் இயன்ற மாற்றுப் பணியைத் தேடிக் கொடுக்கும். இங்குள்ள பெரியோர் பலரும் அறிந்த விதிதான் இது. தந்தையாருக்குப் பதிவேட்டு அறையில் வேலை கிடைத்தது. முதல் ஒரு மாதம் அவர் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எஞ்சினில் நின்ற மனிதர் அலமாரிக்கு முன்னால் நிற்பதா என்ற வேதனை. ஆனால் நாளடைவில், எந்தத் தடத்தில் எந்த வளைவு, எந்தச் சிக்னல் எவ்வளவு தொலைவில் கண்ணுக்குப் படும் என்பதையெல்லாம் கேட்டுக்கொள்ள, புதிதாக வந்த இளைஞர்கள் அந்த அறையைத் தேடி வரலானார்கள். அவர் பின்னாளில் சொல்வதுண்டு: "வேலைக்கு ஆகாது என்று எழுதிவிடுகிறார்கள். எந்த வேலைக்கு ஆகாது என்றும் சேர்த்தல்லவா எழுதவேண்டும்?"

இன்று நாங்கள் சொல்ல வந்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

வாரந்தோறும் நம் தெருவில் கபாடிவாலா குரல் கொடுத்து வருகிறார். ஓடாத மிக்ஸி, எரியாத மானிட்டர், பேசாத தொலைபேசி எல்லாவற்றையும் எடைபோட்டு, நாலு காசு கொடுத்து ஏற்றிச் செல்கிறார். நமக்கு இடம் மிச்சம். அதற்கப்பால் அப்பொருள்கள் எங்கே போகின்றன என்று நாம் கேட்பதில்லை. யமுனைக்கு அக்கரையிலுள்ள சீலம்பூரை நம்மில் பலர் மெட்ரோ நிலையத்தின் பெயராக மட்டுமே அறிவோம். 2002 டிசம்பரில் தில்லியின் முதல் மெட்ரோ ஓடிய தடத்தில் உள்ள நிலையம் அது. அவ்வூர்ச் சந்துகளில்தான் மூட்டை மூட்டையாகப் பழைய மின்னணுப் பொருள்கள் பிரிக்கப்படுகின்றன. அங்கும் நகரின் புறப்பகுதிகளிலும், செம்புக்காகக் கம்பிகளைக் கொளுத்துவதும், உலோகத் துணுக்குகளுக்காகச் சர்க்யூட் பலகைகளை அமிலத்தில் ஊறவைப்பதும் செய்தித்தாள்களில் பன்முறை வந்த சங்கதி. கையுறைகூட இல்லாத ஏழைகளின் மூச்சில் கலக்கிறது அப்புகை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நாலில் ஒரு பங்குக்கும் குறைவே என்றும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் கணக்கிட்டுள்ளன. அந்த மலையில் நம் வீட்டுப் பரண் போட்ட ஒரு கூடையும் உண்டு அன்றோ?

ஆகவே கபாடிவாலாவின் தராசில் ஏற்றுமுன், தந்தையாரின் கேள்வியை அப்பொருளிடமும் கேட்டுப் பார்க்கலாம். நாங்கள் கேட்டுப் பார்த்த சிலவற்றைச் சொல்கிறோம்.

எங்கள் துணி துவைக்கும் இயந்திரம் நின்றுபோனது. பழுது பார்க்கக் கேட்ட கூலி, புதிய இயந்திரத்தின் பாதி விலை. உள்ளே இருந்த உருளையைக் கழற்றிப் பார்த்தால், துருவே பிடிக்காத எவர்சில்வர்! சுற்றிலும் நூற்றுக்கணக்கான துளைகள். செடிக்கு வேண்டியது நீர் வடியும் தொட்டிதானே? அடியில் நாலு உருளைச் சக்கரம் பொருத்தி, உள்ளே கோணிச் சாக்கை இரண்டு மடிப்பாக விரித்து, மண் நிரப்பிக் கறிவேப்பிலைக் கன்றை நட்டோம். கோணி இல்லாவிடில் மண் துளை வழியே ஒழுகிவிடும்; தில்லியின் மே மாத வெயிலில் உலோகம் சுட்டு வேரும் வாடிவிடும். கறிவேப்பிலைக்குத் தில்லிக் குளிர் ஆகாது என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். டிசம்பர் வந்ததும் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போய் உள்வராந்தாவில் வைத்துவிடுகிறோம். மூன்று குளிர்காலங்களைக் கடந்து செடி தழைத்து நிற்கிறது. ரசத்துக்கு இரண்டு இணுக்கு வேண்டி இப்போது அண்டை வீட்டார் எங்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

அடுத்தது, பழைய கணினியின் உள்ளே சுழலும் சிறு விசிறி. உள்ளங்கை அகலமே உள்ள அது 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது. வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய இணைய மோடத்தின் அடாப்டர் பெரும்பாலும் அதே 12 வோல்ட்தான் தரும். இரண்டின் மேலும் அச்சிட்டிருப்பதை ஒப்பிட்டுப் பார்த்து, விசிறியின் சிவப்புக் கம்பியை நேர்முனையிலும் கறுப்பை எதிர்முனையிலும் இணைத்தால் போதும். மாற்றி இணைத்தால் அது ஓடாது. இதை வைத்து வீட்டு அம்மையாருக்கு ஒரு வடகப் பெட்டி செய்து கொடுத்தோம். தில்லியில் வடகம் பிழிந்து மாடியில் வைத்தால், கோடையில் 'ஆந்தி' என்னும் புழுதிக்காற்று வந்து ராஜஸ்தானத்து மணலையெல்லாம் அதன்மேல் தூவிவிட்டுப் போகிறது. எங்கள் பெட்டியில் கொசுவலை கட்டிய மூன்று தட்டுகள். ஒரு பக்கம் வலைத்துணியால் மூடிய திறப்பு, மறுபக்கம் காற்றை வெளியே இழுக்கும் விசிறி. நிழலிலேயே மோர் மிளகாய் காய்கிறது. வெயிலில் காய்வதைவிட ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் பல்லில் மணல் கடிபடாது.

பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்தால் இரண்டு செல்வங்கள் கிடைக்கும். ஒன்று, கண்ணாடிபோல் மின்னும் வட்டத் தட்டு. நடுவில் துளை இருப்பதால், ஒற்றை செல்லில் ஓடும் கடிகாரப் பொறியை வாங்கிப் பொருத்திச் சுவர்க் கடிகாரம் ஆக்கிவிட்டோம். மற்றொன்று, மிகவும் வலிய காந்தம். தையல் வேலை செய்யும் எங்கள் அன்னையாருக்குத் தரையில் விழுந்த ஊசியைத் தேடுவது பெரும்பாடு. குச்சி நுனியில் காந்தத்தைத் துணி சுற்றிக் கட்டிக் கொடுத்தோம். இப்போது குனியாமலே ஊசி மேலே வருகிறது. ஆனால் இக்காந்தம் குழந்தைகள் கைக்கும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் அருகிலும் போகவே கூடாது. மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்குகளில் சிலவற்றின் தட்டு கண்ணாடியால் ஆனது, வளைத்தால் சிதறிவிடும்.

மோட்டார் போன கிரைண்டரின் கல் பதித்த பாத்திரம் எங்கள் மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாக இருக்கிறது. எல்லாம் வெற்றி என்று எண்ணிவிட வேண்டாம். புறாக்களை விரட்டுவதற்காகப் பழைய சி.டி. தட்டுகளைப் பால்கனியில் தோரணமாகக் கட்டினோம். நாலு நாள் அஞ்சின. ஐந்தாம் நாள் ஒரு புறா அத்தட்டில் தன் அழகைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இனி, சொல்லியே ஆகவேண்டிய ஒரு பிழை. பழைய பெரிய குழாய்த் தொலைக்காட்சி ஒன்றை மீன்தொட்டி ஆக்கலாமென்று, பிளக்கைப் பிடுங்கிவிட்ட தைரியத்தில் பின்மூடியைத் திறந்தோம். அதன் படக்குழாய் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்வது. மின்தொடர்பை அறுத்த பிறகும் அந்த மின்னூட்டம் உள்ளே தங்கியிருக்கும். அதை நாங்கள் அன்று அறியோம். கை பட்டதும் தூக்கி எறிந்தாற்போல் பின்னால் விழுந்தோம். கை தகரத்தில் கிழிந்து நாலு தையல் போட நேர்ந்தது. எங்கள் மகன் அப்போது அருகில் நின்று, 'அப்பா, நான் பிடித்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு நொடி முன்பு 'சரி' என்று சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும்? அந்த எண்ணம் இன்றும் எங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஆதலால் சிலவற்றை இயன்றதில் சேர்க்கவே வேண்டாம். படக்குழாய்த் தொலைக்காட்சியைத் திறக்காதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயமும் உண்டு, உள்ளே வெற்றிடம் இருப்பதால் உடைந்தால் வெடித்துச் சிதறும். மைக்ரோவேவ் அடுப்பையும் திறக்காதீர்கள். உப்பிய கைபேசி பேட்டரியைக் குத்தாதீர்கள், தீப்பற்றும். குழல்விளக்கை உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. இவற்றுக்கு மாற்றுப் பணி இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, இவை போன்ற கழிவு பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையங்களுக்கே சென்று சேரவேண்டும்; அதற்கான பொறுப்பு உற்பத்தியாளர்மீதும் சுமத்தப்பட்டுள்ளது.

நம்மில் பலர் ரயில்வே பாஸில் சண்டிகர் சென்று ராக் கார்டனைப் பார்த்து வந்திருப்போம். அதைப் படைத்த நேக் சந்த் பெரிய பட்டதாரிச் சிற்பி அல்லர். பொதுப்பணித் துறையில் சாலை மேற்பார்வையாளராக இருந்தவர். அலுவலக நேரம் போக, உடைந்த வளையல், பீங்கான், மின்சாரப் பொருத்திகள் எனப் பிறர் எறிந்தவற்றைச் சுமந்து சென்று, காட்டுக்குள் யாரும் அறியாமல் ஓர் உலகத்தையே கட்டினார். 1976-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது; 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவரோடு எங்களை ஒப்பிட வரவில்லை. சிறு உத்தியோகத்தில் இருப்பவனுக்கும் மாலை நேரமும் இரண்டு கைகளும் உண்டு என்பதற்காகச் சொன்னோம்.

இறுதியாக எங்கள் வீட்டு ரேடியோவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் பெறவேண்டியிருந்த காலத்தில் தந்தையார் வாங்கிய மரப்பெட்டி வால்வு ரேடியோ அது. இதே தில்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி அவர்கள் தமிழ்ச் செய்தி வாசிக்கும்போது, வீட்டில் குழம்பு கொதிக்கும் ஓசைகூடக் கேட்கக்கூடாது. தந்தையார் காலமான பின் சில ஆண்டுகளில் அது ஊமையாயிற்று. வால்வு கிடைக்கவில்லை. இடம் அடைக்கிறதே என்று கபாடிவாலாவை அழைத்தோம். தராசில் வைக்கும்போது அன்னையார் வெளியே வந்தார். "அதை எடை போடாதே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஓராண்டு கழித்து அதற்கு ஒரு வழி தோன்றியது. லஜ்பத் ராய் மார்க்கெட்டில் உள்ள முதிய ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் அதைக் கொண்டு சென்றோம். பழைய மின்கம்பியை அவர் அறவே நீக்கிவிட்டார்; ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு மட்டும் நன்றாகவே இருந்தது. அதனோடு ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர் பலகையை இணைத்தார். திரையில் ஒரு பக்கம் விரிசல் விட்ட எங்கள் பழைய கைபேசியைப் பெட்டிக்குள் பொருத்தினோம். ஆகாசவாணியின் செயலி வழியே இப்போது சென்னை நிலையம் கேட்கிறது.

முதல் நாள் மாலை, செய்தி தொடங்கியதும் அன்னையார் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் அமர்ந்தார். முந்தானையால் ரேடியோவின் முன்கண்ணாடியைத் துடைத்தார். "அந்த அம்மாள் இப்போது வாசிப்பதில்லையா?" என்று கேட்டார். அவர் 2022-இல் மறைந்த செய்தியைச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு, உங்கள் அப்பா வைக்கிற அளவுக்கு" என்றார்.

அன்பர்களே! சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கக் கூடத்தில் பழுதான பொருள்களைக் கொண்டு வந்து வைப்போம். பழுது பார்க்கக் கூடியதைப் பார்ப்போம்; வேறொன்றாக ஆக்கக்கூடியதை ஆக்குவோம்; தொடக்கூடாததை ஒன்றாகச் சேர்த்துப் பதிவுபெற்ற நிலையத்தாரை வரவழைத்து ஒப்படைப்போம். கருவிகளை நாங்கள் கொண்டு வருகிறோம். தாய்மார்கள் காபி கொண்டு வந்தால் போதும்.