துணி போர்த்த விமானம்



விமானம் என்றதும் பளபளக்கும் உலோக உடலே நம் கண்முன் நிற்கிறது. ஆனால், துணி போர்த்திப் பறக்கும் சிறு விமானங்களும் உண்டு. 1931ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்த டைகர் மோத் அவற்றுள் ஒன்று. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட டைகர் மோத் விமானங்கள் கட்டப்பட்டன. 1950ஆம் ஆண்டுகளில் மலாயாத் துணை விமானப் படையினரும் இதில் பறக்கப் பழகினர். இன்றும் சில நாடுகளில் ஆர்வலர்கள் இதனைப் பேணிப் பறக்க வைக்கின்றனர். அந்தப் பேணும் முறையைப் பற்றித்தான் இன்று நாம் அறிந்துகொள்ளப் போகிறோம்.

இதன் உடல் எஃகுக் குழாய்களால் ஆனது. சிறகுகளோ மரச் சட்டங்களால் ஆனவை. அவற்றின்மேல் துணியை இழுத்துப் போர்த்தி, சிறகின் குறுக்குச் சட்டங்களோடு மெழுகு பூசிய நூலால் தைக்கிறார்கள். தைப்பது ஏன்? பறக்கும்போது சிறகின் மேற்பக்கத்தில் காற்றழுத்தம் குறைகிறது. ஆகவே துணி மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. தையல் இல்லாவிட்டால் துணி சட்டத்தை விட்டுக் கிளம்பிவிடும்.

அடுத்து, 'டோப்' என்னும் பூச்சைப் பூசுகிறார்கள். அது காயக் காயத் துணி சுருங்கி, மத்தளத் தோல்போல் விறைப்பாகிறது. அதன்மேல் அலுமினியத் தூள் கலந்த பூச்சு. அது அழகுக்காக அன்று. வெயில் துணியை அரிக்காமல் தடுப்பதற்காக. வண்ணம் அதற்கும் மேலேதான்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மேலே வண்ணம் மின்னும். உள்ளே துணி இற்றுப் போயிருக்கும். ஆகவே வலுவைச் சோதித்தறிய வேண்டும். அமெரிக்க விதிப்படி, முதல் தரப் பருத்தித் துணி புதிதாக இருக்கையில் ஓர் அங்குல அகலத்துக்கு 80 இராத்தல் இழுவையைத் தாங்க வேண்டும். அது 56 இராத்தலுக்குக் கீழே இறங்கினால், அந்தத் துணியைக் கழற்றிவிட வேண்டியதுதான். புதுப் பூச்சு அதற்கு மருந்தாகாது.

வெயிலைப் போலவே ஈரமும் பகைதான். சிறகின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவை சேற்றால் அடைபட்டால் உள்ளே நீர் தங்கும். மரம் உளுக்கும், பசை தளரும், எஃகுக் குழாய் துருப்பிடிக்கும். துளையைத் திறந்து வைப்பது சிறிய வேலை. அதை மறந்தால் வரும் நட்டமோ பெரியது.

சிறு கிழிசல் ஏற்பட்டால் என்ன செய்வது? முதலில் உள்ளிருக்கும் சட்டம் முறிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கிழிசலின் இரு ஓரங்களையும் கூட்டித் தைத்து, சுற்றியுள்ள பழைய பூச்சை அகற்ற வேண்டும். கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஒன்றரை அங்குலம் படியுமாறு ஒட்டுத்துணி வைத்து, மீண்டும் டோப் பூச வேண்டும். டோப் எளிதில் தீப்பற்றும். அருகே நெருப்பே கூடாது. வேலை முடிந்தாலும், உரிமம் பெற்ற பொறியாளர் பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே விமானம் மேலெழலாம்.

பள்ளியில் நாம் புத்தகத்துக்கு அழகாக அட்டை போடுகிறோம். உள்ளே ஏடுகளைக் கறையான் அரித்திருந்தால் அந்த அட்டையால் என்ன பயன்? புத்தகம் போனால் வேறு வாங்கலாம். நடுவானில் துணி கிழிந்தால், போவது ஓர் உயிர். ஆகவே, மேற்பூச்சைக் கண்டு மயங்காமல், உள்ளே பார்த்துச் சோதிப்பதே பராமரிப்பு என்பதை நாம் மனத்தில் கொள்வோம்.