யார் கொடுத்தது, யார் எடுத்தது?



இந்தப் பட்டமளிப்பு விழா மேடையில் நிற்பவர் அறிவுரை சொல்ல வேண்டும் என்பது மரபு. அறிவுரையை உங்கள் நெறியாளர்கள் போதுமான அளவு கொடுத்திருப்பார்கள். நான் ஓர் ஆய்வுத்துறையைப் பற்றிப் பேசுகிறேன்.

மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம் என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். அது தான் இருக்கும் செல்லைவிட்டு வெளியே போகாது என்பதை யாரும் தனியாகச் சொல்லித் தரவில்லை. அந்த அளவுக்கு அதை இயல்பாக நம்பினோம். 2004-இல் ஹைடெல்பெர்க்கில் ஹான்ஸ்-ஹெர்மன் கெர்டெஸ் குழுவினர், ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு நீளும் சவ்வுக் குழாய்களைக் கண்டார்கள். 50 முதல் 200 நானோமீட்டர் வரையே தடிமன். அவற்றின் வழியே செல் உள்ளுறுப்புகள் நகர்ந்து போயின.

இரண்டே ஆண்டில் அமெரிக்காவிலிருந்து டார்வின் பிராக்காப் குழுவினரின் கட்டுரை வந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ கெட்டுப்போன செல்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவை சுவாசிக்க முடியாதவை. யூரிடினும் பைருவேட்டும் ஊற்றி வளர்த்தால்தான் பிழைக்கும். எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்த ஸ்டெம் செல்களோடு சேர்த்து வளர்த்துவிட்டு அந்த இரண்டையும் நிறுத்தினார்கள். செத்திருக்க வேண்டியவற்றில் சில பெருகின. உறைமோர் போல, உள்ளே வந்த சில மைட்டோகாண்ட்ரியா போதுமானதாக இருந்தது.

அடுத்து வந்தவை நெஞ்சை நெகிழவைக்கும் முடிவுகள். 2012-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜஹர் பட்டாச்சார்யா குழு, காயமுற்ற எலி நுரையீரலின் காற்றறைச் செல்கள் இப்படி மைட்டோகாண்ட்ரியாவைப் பெற்று மீள்வதைக் காட்டியது. 2014-இல் டெல்லியில் அனுராக் அகர்வால் குழு, மைட்டோகாண்ட்ரியாவை இழுத்துச் செல்லும் மிரோ1 புரதம் கூடினால் இந்தப் பரிமாற்றமும் கூடுகிறது என்று கண்டது. 2016-இல் பாஸ்டனில், பக்கவாதம் தாக்கிய எலி மூளையில் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணைச் செல்கள் வெளிவிடும் மைட்டோகாண்ட்ரியாவை நியூரான்கள் உள்வாங்குவது தெரிந்தது. கட்டுரைகளில் ‘கொடையாளி’, ‘மீட்பு’ என்ற சொற்கள் நிறைந்தன. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் 2015-இல் நியூசிலாந்தின் வெலிங்டனிலிருந்து மைக் பெர்ரிட்ஜ் குழுவின் முடிவு வந்திருந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த ஆய்வு அதுதான். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ முழுவதும் நீக்கப்பட்ட புற்றுநோய்ச் செல்களை எலிகளுக்குள் செலுத்தினார்கள். கட்டி வரத் தாமதமானது, ஆனால் வந்தது. கட்டியின் செல்களைப் பிரித்துப் பார்த்தால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மறுபடி இருக்கிறது. அதுவும் அந்த எலிக்கே உரிய அடையாளத்தோடு. எலியின் உடலிலிருந்தே எடுத்துக்கொண்டு புற்று வளர்ந்திருக்கிறது. 2025-இல் ஜப்பானின் ஒகாயாமா குழு இதன் மறுபக்கத்தைக் காட்டியது: புற்றுச் செல்கள் தங்கள் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை, தம்மைத் தாக்க வரும் நோய் எதிர்ப்பு டி செல்களுக்குள் தள்ளி அவற்றைச் சோர்வடைய வைக்கின்றன. இங்கே கொடையாளி யார்? செல்லுக்கு ஈகையும் தெரியாது, களவும் தெரியாது. அந்தப் பெயர்களெல்லாம் நாம் வைத்தவை.

வெலிங்டன் ஆய்வு எனக்குப் பிடித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இத்துறையில் அழகான படம் கிடைப்பது எளிது. ஒரு செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, பக்கத்துச் செல்லில் சிவப்பைக் கண்டால் ‘மாறிவிட்டது’ என்று எழுதிவிடலாம். ஆனால் சாயம் கசியும். மைட்டோகாண்ட்ரியா இருந்த இடத்திலேயே இருக்க, நிறம் மட்டும் பயணம் போயிருக்கலாம். டிஎன்ஏ வரிசை அப்படிக் கசியாது. சிவப்புப் படத்தோடு ஆய்வேட்டை முடித்திருக்கக்கூடிய மாணவர், மரபணு அடையாளத்தையும் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தால் உதவித்தொகைக் காலம் தீர்ந்துபோகலாம், வீட்டில் “இன்னுமா முடியல?” என்ற கேள்வி வரலாம். அந்தக் கூடுதல் காலத்தைத் தாமதம் என்று நம் பல்கலைக்கழகங்கள் கணக்கு வைப்பது எனக்கு ஏற்புடையதல்ல. துணைவேந்தர் முன்னிலையிலேயே சொல்கிறேன்.

மைட்டோகாண்ட்ரியா உண்மையிலேயே உள்ளே போனதா என்ற ஐயம் மருத்துவமனைக்குள்ளும் வந்துவிட்டது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜேம்ஸ் மக்கல்லியும் சக மருத்துவர்களும், இதயம் தளர்ந்த ஐந்து குழந்தைகளுக்கு அவரவர் தசையிலிருந்து பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவை இதயத் தசையில் செலுத்தினார்கள். 2017-இல் வெளியான அந்த அறிக்கையின்படி, நான்கு குழந்தைகள் செயற்கைச் சுவாச-இரத்த ஓட்டக் கருவியிலிருந்து விடுபட்டார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழந்தைகள் அந்த ஆய்வில் இல்லை. செல்லுக்கு வெளியே கால்சியம் செல்லுக்குள் இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். அதில் மைட்டோகாண்ட்ரியா சேதமடையாமல் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று இதய ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். அவை உள்ளே போய் ஆற்றல் தருகின்றனவா, வெளியே உடைந்து வேறு ஏதோ சமிக்ஞை தருகின்றனவா என்று பிரித்துக் காட்டும் சோதனை வேண்டும். அதற்கு யோசனை வைத்திருப்பவர்கள் இன்று மாலை தேநீர் வேளையில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கியைக் கழற்றிவிட்டே வரலாம்.